பங்களா வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வயரிங்காரரின் மடல்

பெரிய வீடுகளை வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும் உள் அலங்கார வல்லுநர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் கணினியில் வரையும் சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, வயர் இழுப்பவன் நான். 24 ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. கடைசிப் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பங்களாக்களில்தான். பணம் படைத்தவர் ஏன் இப்படிக் கட்டுகிறார் என்று கேட்க வரவில்லை. அவர் கட்டினால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். எனக்கு வேண்டியது ஒரு சுவிட்ச்.

போன ஆண்டு ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தோம். சமையலறைச் சுவரில் கறுப்புக் கண்ணாடிப் பலகை, அதில் ஆறு பொத்தான்கள். விருந்து, ஓய்வு, சினிமா என்று ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். வெறும் விளக்குக்கென்று ஒன்றுகூட இல்லை. அது முதலாளியின் கைப்பேசியில் இருக்கிறது. அங்கே சமைக்கும் அம்மா காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார். முதல் வாரம் முழுவதும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் பால் காய்ச்சியிருக்கிறார். அடுத்த முறை நான் போனபோது நான்காவது பொத்தானின் மேல் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதை அழுத்தினால் அடுப்பு மேடை விளக்கு எரியுமாம். கூடவே ஹாலில் திரைச்சீலைகளும் மூடிக்கொள்ளுமாம். பரவாயில்லை, பிறகு போய்த் திறந்துகொள்கிறேன் என்றார். வீட்டைப் படம் எடுக்க ஆட்கள் வந்த அன்று, அந்தப் பொட்டை எடுத்துவிடச் சொன்னார் வடிவமைப்பாளர். நகத்தால் சுரண்டியவன் நான்தான்.

அதே வீட்டில் பாட்டியின் குளியலறைக்கு அசைவு சென்சார். நகரும் உடல் சூட்டைத்தான் அது பார்க்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதன் கணக்கில் இல்லாதவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளிப்பவரும் அப்படியே, ஏனென்றால் அந்தச் சூட்டுக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். எண்பது வயதுப் பாட்டி இருட்டில் உட்கார்ந்தபடி, பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொள்ளும் பெண் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

சியாட்டில் அருகே மெடினாவில், வாஷிங்டன் ஏரிக்கரையில் பில் கேட்ஸ் ஏழு ஆண்டுகள் கட்டிய வீட்டை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஏறத்தாழ 66,000 சதுர அடி. விருந்தாளி சட்டையில் ஒரு மின்னணு வில்லையைக் குத்திக்கொண்டால், அவர் நடக்க நடக்க முன்னால் விளக்கு எரியும், பின்னால் மங்கும், பாட்டும் கூடவே வரும் என்று 1995இலேயே அவர் எழுதியிருந்தார். படித்தபோது நானும் வாய் பிளந்தேன். ஆனால் விருந்தாளி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பாத்திரம் கழுவுபவர் அல்லவா நாள் முழுக்க அங்கே நிற்கிறார்? மும்பை அல்டமவுண்ட் சாலையின் 27 மாடி ஆன்டிலியாவில் குடியிருப்பது முகேஷ் அம்பானியின் ஒரே குடும்பம். வேலைக்குச் சுமார் 600 பேர் என்று செய்திகள் சொல்கின்றன. மாளிகையில் விளக்கைத் தேடும் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

முதலாளிக்கும் இதில் நிம்மதி இல்லை. வீட்டு விளக்குகளைக் கைப்பேசிச் செயலியால் இயக்கும் கருவிகளை விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம், 2022 ஏப்ரலில் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் சர்வர்களை, அதாவது அந்தச் செயலிக்குப் பின்னால் எங்கோ ஓடும் கணினிகளை, நிறுத்திவிட்டது. செயலி செத்துப்போனது. சுவரில் அதன் சுவிட்சைப் பொருத்தியிருந்தவர்கள் கையால் தட்டி விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் அமேசானின் சர்வர்கள் படுத்தபோது, அவற்றை நம்பிச் சூட்டையும் குளிரையும் மாற்றிக்கொள்ளும், பல ஆயிரம் டாலர் விலையுள்ள எயிட் ஸ்லீப் படுக்கைகளில் சில சூடேறின. சில தலைப்பக்கம் தூக்கியபடியே நின்றுவிட்டன. தூங்குவதற்கு இணையம் வேண்டியிருக்கிறது!

தானியங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலிங் பெல்லுக்குப் போடுகிறோமே, அழுத்தினால் திரும்பி வரும் சுவிட்ச், அதை ரிலேயோடு, அதாவது சைகை வந்தால் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் சிறு கருவியோடு, இணைத்துவிட்டால் செயலியும் வேலை செய்யும், கையும் வேலை செய்யும். கட்டுப்பாட்டுக் கருவி வீட்டுக்குள்ளேயே, மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடல் கடந்த சர்வரைக் கேட்டுத்தான் கழிவறை விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. செலவு, நீங்கள் வாசலில் வைக்கும் ஒரு பூச்சாடி அளவுகூட வராது. சுவர் அழகு கெடும் என்பீர்கள். கெடட்டும், ஒரு மூன்று அங்குலம்.

சமையலறை, மாடிப்படி, முதியவர் குளியலறை, வேலையாட்கள் அறை. சுவரில் சுவிட்ச் வைக்க இந்த நான்கு இடங்களையும் அடுத்த வரைபடத்தில் வட்டமிட்டு அனுப்புங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் அனுப்பினால் போதும்; சுவிட்ச் பெட்டி பதிக்கத் தனிக்கூலி கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீடுகளுக்கு வயர் இழுப்பவன்