ஏர் எடுத்த கதை

ராயல் ஓக், மிச்சிகன்
ஏப்ரல் 12

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குண்டன் எழுதியிருந்தான். அவனுக்கும் பதில் போடவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பழைய பான்டியாக் ஜிடிஓ காரின் முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டுவிட்டேன்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. "1966ல் எப்படி வந்ததோ அப்படியே வைத்திருப்பேன், ஒரு போல்ட்கூட மாற்ற மாட்டேன்" என்று போன தடவை உன் பட்டறை வாசலில் உட்கார்ந்து வீறாப்பு பேசினவன்தான். அப்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று: "335 குதிரை இழுக்குது, நாலு வீலும் டிரம்மாடா? எவன்டா உன்னை நம்பிப் பொண்ணு குடுத்தான்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பதரை அங்குல டிரம், 1,600 கிலோ வண்டி. நம்ம அம்பாசிடரைவிடக் கிட்டத்தட்ட அரை டன் கூட. கணக்கு எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதை மாலதியிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு சாயங்காலம். உட்வர்ட் அவென்யூவில் போய்க்கொண்டிருந்தோம், நானும் பாப்பாவும். டெட்ராய்டில் தொடங்கி பான்டியாக் ஊர் வரை போகிற சாலை. அறுபதுகளில் ராத்திரி ரேஸ் நடந்ததெல்லாம் அங்கேதான். நாங்கள் ஊர்கோல வேகத்தில்தான் போனோம். முன்னால் சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதித்தேன், பாதி பிடித்தது. இரண்டாவது தடவை கால் நேரே தரைக்குப் போய்விட்டது. பம்ப் பண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வெறும் சேற்றை மிதிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, வலப்பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குள் திருப்பிவிட்டேன். காற்று அடிக்கிற மெஷினுக்கு நாலடி முன்னால் வண்டி நின்றது.

பாப்பா காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, "பெட்ரோல் போடணுமாப்பா?" என்றாள். அந்தக் காரில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கிறது, மாப்ளே. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கழற்றிப் பார்த்தால் பின் வலது வீல் சிலிண்டர். உள்ளே துரு அரித்துக் குழி குழியாக இருந்தது, ரப்பர் கிழிந்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவெல்லாம் எண்ணெய். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் என்று நம்ம வாத்தியார் தலைப்பாடாய் அடித்துக்கொள்வாரே. பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தால் வரக்காப்பி நிறம். அதிலும் இந்த வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. 1967 மாடலில் அதை இரண்டு அறையாக்கி, காசு கூடக் கொடுத்தால் முன்னால் டிஸ்க்கும் தந்தார்கள். ஒரே ஒரு வருஷம், மாப்ளே! என் ராசி அப்படி.

நவம்பர் வந்தால் இங்கே பனி உருக ரோடெல்லாம் உப்புத்தான், பழைய வண்டிகள் வெளியே தலைகாட்டாது. குளிர்காலம் முழுக்க கராஜே கதி. பதினோரு அங்குல டிஸ்க், அதைக் கவ்வுகிற காலிப்பர், இரண்டறை மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கிற பலத்தைக் கூட்டுகிற பூஸ்டர் எல்லாம் ஒரே கிட்டாக வந்தது. டிரம் சுற்றுகிற சுற்றிலேயே ஷூவை இழுத்துக் கவ்வுமே, டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. பூஸ்டர் இல்லாவிட்டால் என் காலுக்கு ஆகாது. மாட்டி முடித்தால், பழைய 14 அங்குல சக்கரம் காலிப்பரில் உரசுகிறது. 15 வாங்கினேன். அதற்கு மாலதியிடம் வாங்கியது தனி. அப்புறம் பிரேக் பைப். முனையை இரட்டையாக மடக்க வேண்டும், ஆறு முனையைப் பாழாக்கினேன். உங்கப்பா பீடியை வாயில் வைத்துக்கொண்டே கண்ணளவில் மடக்குவாரே, ஒவ்வொரு தடவையும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் பைப்பில் சிக்கின காற்றை வெளியேற்ற, ஆள் வேண்டுமே, பாப்பாவைப் பிடித்து உட்கார வைத்தேன். எட்ட இருக்கிற பின் வலது சக்கரம்தான் முதலில், அதே சக்கரம். நான் கீழே படுத்துக்கொண்டு "அமுக்கு... பிடி... விடாதே" என்று கத்த, அவள் மேலிருந்து மிதிக்க, பாட்டிலில் விட்ட குழாயில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. நடுவில், "நல்லாத்தானே ஓடிச்சு, எதுக்குப்பா மாத்தறே?" என்றாள். சொல்லிவிட்டேன், பெட்ரோல் பங்க் கதையை. மேலே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அமுக்கவாப்பா?" என்றாள். அதற்கப்புறம் நான் சொல்கிறவரை பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கடைசிக் கொப்புளம் கடுகளவு இருந்தது. குழாயில் வந்து, நின்று, பிறகு போனது. அதற்கப்புறமும் நாலு தடவை மிதிக்கச் சொன்னேன்.

போன ஞாயிறு காலையில் ஒரு மாலின் காலி பார்க்கிங்கில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பிரேக்குக்கே பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி கால்வட்டம் சுற்றிவிட்டது. பின்னால் போகிற அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு இருக்கிறது, திருகிச் சரிசெய்கிற மாதிரி. அதை முழுசாகத் திறந்து வைத்திருக்கிறேன். கிட்டோடு வந்த தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது. யார் படித்தார்கள்! கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பத்துத் தடவை ஓட்டி, கடைசியில் நேராக நின்றது. மூக்கு லேசாகத் தாழ்ந்து, அப்படியே அமைதியாக நின்றது. வண்டியை விட்டு இறங்கி நாலு டயரையும் தொட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், அவரிடமும் ஜிடிஓ இருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் "விலை போச்சே" என்றார். வெட்டியது ஒட்டியது ஒன்றுமில்லை, எல்லாம் போல்ட்தான். பழைய டிரம்மெல்லாம் கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குப் பிடித்தால் மாட்டிக்கொள்ளட்டும். மாட்ட மாட்டாள்.

கொல்லிமலை இறக்கம் நினைவிருக்கிறதா? எழுபது கொண்டை ஊசியில் பாதி தாண்டும்போதே பிரேக் லைனிங் கருகுகிற நாற்றம். நாம் சிரித்துக்கொண்டே இறங்கினோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சனிக்கிழமை வீடியோவில் வா, ஓட்டிக் காட்டுகிறேன். மாலதியும் இருப்பாள். டிஸ்க் எதற்குப் போட்டாய் என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே. அங்கே சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடின கதையும் வேண்டாம். அதை ஆரம்பித்தால் பாப்பா இதை ஆரம்பிப்பாள்.

உன்,
ஒல்லி