அப்டேட்டை அணைக்காதே, தள்ளிப் போடு

அன்புள்ள கதிரேசா,

நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜிஎஸ்டி ஃபைலிங் நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆவதாக எழுதியிருந்தாய். மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் விடுகிறது. அதை ஏற்றத்தான் இந்த ரீஸ்டார்ட். நமக்கு அது இரவு. எந்த மாதமானாலும் 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் விழும். உனக்கோ விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11. மோதத்தான் செய்யும்.

விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டையே டிசேபிள் செய்யச் சொன்னாராமே அந்த சர்வீஸ்காரர், கேட்காதே. 'அப்டேட் மெடிக்' என்ற இன்னொரு சர்வீஸ் அதைத் திரும்ப எழுப்பிவிடும். எழுப்பாவிட்டால் இன்னும் ஆபத்து. 2017 மே 12-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. 35 நாள் தள்ளிப்போட்டு ஏப்ரலில் போட்டவர்கள்கூடத் தப்பினார்கள்.

அந்த 35 நாள்தான் உனக்கும் அளவு. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், 'பாஸ் அப்டேட்ஸ்'. மாதம் பிறந்ததும் மூன்று வாரம் நிறுத்து. 20-ஆம் தேதி மாத வரி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி முடிந்ததும் டேலியை மூடி, பேக்கப் எடுத்து, 'ரெஸ்யூம்' கொடுத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடு. அந்த 35 நாளும் முழுக்கத் தீர விட்டால், நிலுவையை ஏற்றாமல் மறுபடி நிறுத்த விடாது.

'ஆக்டிவ் ஹவர்ஸ்' காலை 8 முதல் இரவு 11 வரை வை. 18 மணி நேரம் வரை அனுமதி உண்டு. அது தடுப்பது தானியங்கி ரீஸ்டார்ட்டை மட்டும்தான். டவுன்லோடு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், நெட் இழுக்கும். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் லேப்டாப்பில் அந்த வைஃபைக்கு, டேட்டாவை மிச்சம் பிடிக்கும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய். ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

விண்டோஸ் ப்ரோ பதிப்பாக இருந்தால் இன்னும் வசதி. அதில் உள்ள 'குரூப் பாலிசி' என்ற நிர்வாக அமைப்பில் 'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' திறந்து எனேபிள் செய்து 2-ஆம் தேர்வை எடு. உன்னைக் கேட்காமல் எதுவும் இறங்காது. ஹோம் பதிப்பில் இந்த வழி கிடையாது.

எதற்கும் முன்னால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி கீயை, 48 இலக்கமும், தாளில் எழுதி பீரோவில் வை. சில அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரையில் அதைக் கேட்கும். இல்லாவிட்டால் கணக்கு மொத்தமும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், 'அபவுட்' பக்கத்தில் எந்தெந்த மெஷின் ஹோம், எது ப்ரோ என்று பார்த்து எழுது.

அன்புடன்,
சிவராமன்