அரை மணி நேரம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் (ஊரார் 'மார்மன்' என்று சொல்லும் சபை) மிஷனரிப் பயிற்சி மையங்களை நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் தங்கைக்கு மிஷனரி ஊழியத்துக்கான அழைப்பு வந்தது. டெக்சாஸில் எங்கள் வீட்டு சோபாவில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்து லேப்டாப்பில் அதைத் திறந்தோம். அம்மா அழுதார், அப்பா போட்டோ எடுத்தார். ராத்திரி தங்கை என் அறைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, பயிற்சி மையத்துல கொஞ்ச நேரமாவது தனியா இருக்க விடுவாங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் எந்த மையத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. ப்ரோவோ, மெக்சிகோ நகரம், மணிலா எதுவானாலும் விதி ஒன்றுதான், அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலை 6.30-க்கு எழுவதிலிருந்து இரவு 10.30-க்கு விளக்கணைக்கும் வரை கம்பானியனைவிட்டு, அதாவது ஜோடியாக நியமிக்கப்பட்ட சக மிஷனரியைவிட்டு, பிரியக் கூடாது. வகுப்புக்கு இருவர், கூடைப்பந்துக்கு இருவர், வாஷிங் மெஷினில் சாக்ஸ் போடவும் இருவர். தனியாக இருக்கக் கிடைப்பது கழிப்பறையிலும் குளியலறையிலும் மட்டும். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆறு வாரத்தில் என் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை, அவ்வளவு கவனிப்பு.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையில் ஆச்சி இறந்துவிட்டார். எட்டு வயது வரை என்னை வளர்த்தவர். வீட்டுக்குப் பேச போன் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. கம்பானியன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மா அந்தப் பக்கம் கதற, நான் தமிழ் தெரியாத ஒருவன் முன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றேன். போனை வைத்ததும் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலையாக இருப்பது மனதுக்கு நல்லது என்றார். வகுப்புக்குப் போனோம்.

வகுப்பில் ஸ்பானிஷ் தவிர வேறு பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு உறுதி. முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டார். "மி அபுவேலா முவேரே" என்றேன். என் பாட்டி இறக்கிறாள். அன்றைக்கு எனக்கு நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். அவர் பழக்க தோஷத்தில் "முரியோ", அதாவது இறந்தாள், என்று திருத்தினார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, பாவம். தமிழில் அந்தக் காலத்துக்குப் பெயரே இறந்தகாலம்.

எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். சத்தம் கேட்காமலிருக்க மறுபடி மறுபடி ஃபிளஷ் பண்ணினேன். கதவுக்கடியில் கம்பானியனின் கறுப்பு ஷூ இரண்டும் தெரிந்தன. அவனும் வகுப்பைவிட்டு வந்தாக வேண்டும், விதி அப்படி. கொஞ்ச நேரம் கழித்து அந்த இடுக்கு வழியாக ஒரு கொத்து டிஷ்யூ பேப்பர் உள்ளே வந்தது. நல்ல பையன். இருந்தாலும் அந்த ஷூக்களைப் பார்த்துக்கொண்டு என்னால் அழ முடியவில்லை. ஆச்சிக்காக நான் சரியாக அழுதது பதினைந்து மாதம் கழித்து, ஒரு பேருந்தில்.

நான் கேட்பது இதுதான்: ஒரு நாளைக்கு அரை மணி நேரம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை.

இருவர் இருவராக அனுப்பியது இயேசுதானே என்பீர்கள். மாற்கு 6-இல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே, ஜனங்களை அனுப்பிவிட்டு அவர் ஜெபிக்கத் தனியாக மலைக்குப் போனதும் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவரும் அவர்தான். அவ்வளவு தூரம் ஏன், 1820-இல் நம் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் ஜெபிக்கத் தோப்புக்குள் போனது தன்னந்தனியாக. பதினான்கு வயதுப் பையன். கம்பானியன் எங்கே என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நமக்குச் சபையே இருந்திருக்காது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்பது தெரியும். ஊருக்குள் வீடு வீடாகப் போகும்போது அது தேவை. இரண்டு வருடமும் எனக்கு அது உதவியாகவே இருந்தது. ஆனால் பயிற்சி மையத்துக்குள், ஆயிரம் எல்டர்களுக்கும் (ஆண் மிஷனரிகள்) சிஸ்டர்களுக்கும் (பெண் மிஷனரிகள்) நடுவில், ஓர் அறைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எந்தச் சாத்தான் வந்து கதவைத் தட்டுவான்?

விதியை மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019 பிப்ரவரிக்கு முன்னால் வருடத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டுக்குப் பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரா வாரம் பேசலாம். சிஸ்டர்கள் பேன்ட் போடலாம் என்றது 2018 டிசம்பரில். அதே வருடம் 'மார்மன்' என்று சொல்லாதீர்கள் என்றார் அப்போதைய சபைத் தலைவர் நெல்சன், நம் புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரே மாறிவிட்டது. உலகத்தையே பெயர் மாற்றிக் கூப்பிட வைக்கப் பார்த்தவர்களுக்கு ஓர் அறைக்குத் தாழ்ப்பாள் போடுவது கஷ்டமா? மாதம் 500 டாலர் நாங்களே கட்டித்தான் ஊழியத்துக்கு வருகிறோம். 2020 ஜூலை வரை அது 400. அந்த நூறில் ஒரு தாழ்ப்பாளுக்குக் காசு வராதா என்று என் அப்பாவே கேட்கிறார், அவர் எதற்கும் கேள்வி கேட்காதவர்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். ஊழியத்துக்குப் போனதற்கு நான் வருந்தவில்லை. என் தங்கையைப் போகாதே என்று தடுக்கவும் மாட்டேன்.

அடுத்த மாதம் அவள் வருகிறாள். அதற்குள் ஸ்டோர் ரூம் மாதிரி ஒன்றைக் காலி பண்ணித் தந்தாலும் போதும். கம்பானியன் வராந்தாவில் நிற்கட்டும், ஷூ தெரியாத தூரத்தில். உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். தயவுசெய்து.

இப்படிக்கு,
முன்னாள் எல்டர் ஒருவன்