கேள்வி கேட்காததற்கு நன்றி

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவர்களுக்கும், சனிக்கிழமைக் கதை நேரத்துக்கு வரும் தன்னார்வலர்களுக்கும், எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மற்ற அப்பா அம்மாக்களுக்கும்,

வணக்கம். இதை நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாக முயன்று பார்த்தேன். வாயைத் திறந்தால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு நின்றுவிடுகிறது, அதற்குள் யாராவது ஒரு பிள்ளை வந்து உங்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை என் மகன் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டினான். நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால், கரடி குகைக்குள் போனதைச் சொல்லாமலே அது வெளியே வந்ததைச் சொல்லிவிட்டான். யாரும் கண்டுகொள்ளவில்லை, அவன் தங்கை மட்டும் "கரடி எப்ப உள்ள போச்சு?" என்று கேட்டாள். அவன் நிறுத்தி, பக்கத்தைப் பிரித்து, விட்ட இடத்தை வாசித்துவிட்டுத் தொடர்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலே "பாத்ரூம் வருது" என்று எழுந்து ஓடிய பிள்ளை இவன்தான் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அப்போது அவனுக்கு எட்டு வயது. எழுத்தெல்லாம் தெரியும். கூட்டி வாசிக்க வராது. சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். வீட்டுக்கு யார் வந்தாலும் செய்தித்தாளை நீட்டி "எங்க, இத வாசி பாக்கலாம்" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அதைத்தான் செய்தேன். தட்டுத்தடுமாறி முடித்தால் உடனே அடுத்தது, "என்ன புரிஞ்சுது, சொல்லு". புரிந்திருந்தாலும் என் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிருக்கும்.

முதல் நாள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது குழந்தைகள் பிரிவு அக்கா, நீங்கள் அவனிடம் என்ன வகுப்பு என்று கேட்கவில்லை. வாசிக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன், "இவன் வாசிப்புல கொஞ்சம்..." என்று. நீங்கள் அதைக் காதில் வாங்காத மாதிரி அவனிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றீர்கள். "பெரிய பல்லு இருக்கறது" என்றான். நேராக 567.9 என்று எழுதியிருந்த அடுக்குக்குக் கூட்டிப் போனீர்கள். டைனோசர்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876ல் வெளியிட்ட, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற தசமப் பகுப்பு முறையைப் பற்றி நான் எங்கேயோ பரீட்சைக்குப் படித்து மறந்திருந்தேன். என் மகனுக்கு அது வீட்டு விலாசம் மாதிரி ஆகிவிட்டது. டைனோசர் 567.9, நாய் 636.7, பூனை 636.8. நாயும் பூனையும் பக்கத்துப் பக்கத்து வீடு, டைனோசர் மட்டும் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கவுன்ட்டரில் கேட்டான். அது புதைபடிவம், அதனால் பழைய உயிர்களோடு இருக்கிறது, நாயும் பூனையும் மனுஷன் வளர்க்கிற பிராணி, அதனால் பண்ணையோடு இருக்கிறது என்று அங்கிருந்த ஐயா, பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கும்போது, பொறுமையாகச் சொன்னார். 636.7க்கும் 636.8க்கும் நடுவில் இன்னும் எத்தனை எண் இருக்க முடியும் என்று அடுத்த கேள்வி. தசமப் புள்ளியை அவன் பாடப்புத்தகத்துக்கு முன்னால் உங்கள் அடுக்கில்தான் கற்றான். வரிசையில் நின்ற அந்த நான்கு பேருக்கும் சேர்த்து நன்றி.

அப்புறம் அந்தப் பொம்மை நாய். ஆள் முன்னால் வாய்விட்டு வாசிக்க மாட்டேன் என்று அவன் அடம்பிடித்தபோது, மூலையில் கிடந்த ஒரு காது பிய்ந்த பொம்மை நாயைத் தூக்கி அவன் மடியில் வைத்து, "இதுக்கு வாசிக்கத் தெரியாது, நீ வாசிச்சுக் காட்டு" என்றீர்கள். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும், அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999ல் பயிற்சி பெற்ற நிஜ நாய்களை வைத்தே இதைத் தொடங்கினார்கள், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து நாய்க்கு வாசித்துக் காட்டும் என்று. நாய் திருத்தாது. பெருமூச்சு விடாது. "போன வாரம் சொன்னேனே" என்று சொல்லாது. இந்த மூன்றையும் நான் செய்துகொண்டிருந்தேன். ஒரு பொம்மை நாய் எனக்கு வாத்தியார் ஆன கதையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கேள்வியே கேட்காதவர்கள் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கேட்பீர்கள். குடும்ப வாசிப்பு நாளில் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பழக்கினீர்களே, அதில் முக்கால்வாசி கேள்விதான். ஆனால் பதில் நமக்கே தெரிந்த கேள்வியைக் குறைவாகவும், "இவன் இப்ப எங்க போவான்னு நினைக்கற?" மாதிரியானதை அதிகமாகவும் கேட்கச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொன்னீர்கள். ஐந்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு மூன்றிலேயே வாய் வந்துவிடும். 1988ல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படி வாசிக்கக் கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு ஒரு மாதம் பார்த்தார்களாம். வழக்கம்போல வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் பேச்சில் நன்றாக முன்னால் போயிருந்தார்கள் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். இரண்டு கூட்டமும் புத்தகம் வாசித்தவைதான். யார் அதிகம் பேசினார்கள் என்பதில்தான் வித்தியாசம். என் வீட்டில் அதுவரை யார் பேசிக்கொண்டிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "சார், ஓநாய்க்குக் குரல் வேணும், நீங்க பண்றீங்களா?" என்று கேட்டீர்கள், அவ்வளவுதான். நாற்பது வயதில் இருபது பிள்ளைகள் முன்னால் ஊளையிட்டவன் அதற்குப்பிறகு போனை எடுத்து என்ன கௌரவத்தைக் காப்பாற்றப் போகிறான்.

இப்போது என் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலே முக்கியமாக அதற்குத்தான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தியை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவது அவர்தான், ஆனால் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். உள்ளே வா என்றால் "எனக்கு அங்க என்ன வேலை" என்பார். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கே தெரியாது, உங்களில் ஒருவர்தான் கவனித்திருக்கிறீர்கள். மழை நாளில், உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டு, எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல கதை எழுதலம்மா, நீங்கதான் சொல்லணும்" என்றீர்களாம். அம்மா அன்று சாயங்காலம் அதை என்னிடம் சொன்னபோது கொஞ்சம் கோபமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. "கதை எழுதாம ஒரு புத்தகமா, என்ன ஏமாத்து வேலை" என்று.

அடுத்த வாரம் அவரே போய் அதே புத்தகத்தைக் கேட்டிருக்கிறார்.

ஒரு பையன், ஒரு படகு, ஒரு பறவை, கடைசியில் ஒரு வெளிச்சம். படத்தில் இருப்பது அவ்வளவுதான். அம்மா சொல்லும்போது அந்தப் பையனுக்கு ஒரு மாமன் வந்தான், மாமனுக்கு ஒரு கடன் வந்தது, பறவை போன ஜென்மத்தில் யாராக இருந்தது என்றெல்லாம் வந்தது. ஒவ்வொரு முறையும் கதை மாறும், மகள் விட மாட்டாள், "நேத்து மாமா நல்லவரா இருந்தாரே" என்று சண்டைக்குப் போவாள். அம்மா அசராமல், "நேத்து அவன் நடிச்சான்" என்பார். எழுத்துக் கற்றுக்கொடுக்கிறோம் என்று யாரும் அவரை உட்காரவைக்கவில்லை, அதற்கும் நன்றி, செய்திருந்தால் பெஞ்சுக்கே திரும்பியிருப்பார். அவர் பெயரில் தனியாக ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தீர்கள். அதை மருந்துச் சீட்டு வைக்கிற பையில் வைத்திருக்கிறார். என் அட்டையில் புத்தகம் எடுக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன், பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

புத்தகம் தொலைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் நாங்கள் வராமல் இருந்தோம், ஞாபகம் இருக்கும். பரீட்சை, உடம்பு சரியில்லை என்று அப்புறம் ஏதேதோ காரணம் சொன்னேன், எல்லாம் பொய். பீரோவுக்குப் பின்னால் ஒரு புத்தகம் விழுந்துவிட்டது, கிடைக்கவில்லை, தேதி தாண்டிப்போய்விட்டது, அப்புறம் போக வெட்கம். நாள் ஆக ஆக வெட்கம்தான் கூடியது. ஒருநாள் பீரோவை நகர்த்தியபோது கிடைத்தது, துடைத்து எடுத்துக்கொண்டு குற்றவாளி மாதிரி வந்து நின்றேன். கவுன்ட்டர் ஐயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புத்தகம் வரலன்னு நாங்க தேடலீங்க, பையன் வரலியேன்னுதான் பேசிக்கிட்டோம்." குழந்தைகள் புத்தகத்துக்குத் தாமதக் கட்டணத்தை நீங்கள் நீக்கி வெகுநாள் ஆகிவிட்டதே எனக்குத் தெரியவில்லை. சிகாகோ பொது நூலகம் 2019ல் அபராதத்தை நீக்கியபோது, வருடக்கணக்காக வராமல் இருந்த புத்தகங்கள் கூடத் திரும்பி வந்ததாம், அவர்தான் சொன்னார். அபராதம் கட்டப் பயந்து புத்தகத்தோடு ஆளும் காணாமல் போய்விடுகிறார் என்றார். நான்கு மாதம் காணாமல் போனவனிடம் இதைச் சொன்னால் மறுக்கவா முடியும்.

விடுமுறை வாசிப்புத் திட்டத்தில் எத்தனை புத்தகம் என்று எண்ணாமல் எத்தனை நிமிடம் என்று கட்டத்தில் வண்ணம் தீட்டவைத்ததும் நல்ல வேலை. மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மாற்றம் போதும். காமிக்ஸ் கணக்கில் சேருமா என்று கேட்டான், சேரும் என்றீர்கள். ஒலிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டே எழுத்தில் விரல் ஓட்டினால்? சேரும். ஒரே புத்தகத்தைப் பதினோரு முறை வாசித்தால்? பதினோரு முறையும் சேரும். (பதினோராவது முறை எனக்கே வாய்ப்பாடமாகிவிட்டது, அது வேறு.)

கைக்குழந்தைகளின் பாட்டு நேரத்தைப் பற்றி ஒரு குறை வைத்திருந்தேன், அதையும் சொல்கிறேன். மகள் அதில் இருந்த காலத்தில் வாரா வாரம் அதே பாட்டு, அதே கைதட்டல், வேறு பாட்டே கிடையாதா என்று தோன்றும். கேட்டும்விட்டேன். பாட்டு உங்களுக்கில்லை என்று சிரித்தீர்கள். ஒரே பாட்டை அலுக்காமல் கேட்டுத்தான் குழந்தை ஒரு சொல்லுக்குள் இருக்கிற ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகுகிறது, பின்னால் எழுத்துக் கூட்டும்போது அந்தக் காதுதான் உதவும் என்றீர்கள். மூத்தவனுக்கு இது கிடைக்கவில்லையே என்று அன்று வீடு போகும்வரை அதே யோசனை. சரி, விடுங்கள். அட்டைப் புத்தகத்தின் ஓரத்தை மகள் கடித்துத் தின்றதற்கும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, துடைத்து வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தீர்கள்.

உங்கள் அறைச் சுவரில் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் மாட்டியிருக்கின்றன, 1931ல் வந்தவை. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர், அதுதான் ஐந்தே வரியில் முடித்திருக்கிறார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. எழுத்தில்லாத புத்தகமும் எழுத்துத் தெரியாத என் அம்மாவும் அந்த விதியில் அடக்கம் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிற நான்காவதை மட்டும் நீங்கள் என் விஷயத்தில் கடைப்பிடிக்கவில்லை, ஒரு சனிக்கிழமையும் எனக்கு மிச்சமாகவில்லை.

தரையைத் துடைத்து பாய் விரிக்கிற அம்மாவுக்கும், மூடும் நேரம் தாண்டியும் ஐந்து நிமிடம் விளக்கை அணைக்காமல் நிற்கிற காவலாளிக்கும், என் பிள்ளை தடுமாறியபோது தங்கள் பிள்ளைகளைச் சிரிக்கவிடாமல் மெல்லத் தொடையைத் தட்டிய பெற்றோருக்கும் தனித்தனியாக எழுதவேண்டும், இதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் புத்தகம் ஒட்டுகிற பெரியவருக்கு. போன வாரம் எடுத்த டைனோசர் புத்தகத்தில் ஒரு பக்கம் நடுவில் கிழிந்துவிட்டது. யார் இழுத்தது என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. செலோடேப் ஒட்டினால் மஞ்சளாகிப் பக்கத்தையே தின்றுவிடும், கிழிந்ததைக் கிழிந்தபடியே கொண்டுவா என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் எதையும் ஒட்டவில்லை ஐயா. துண்டை உள்ளேயே மடித்து வைத்திருக்கிறோம், சனிக்கிழமை கொண்டுவருகிறோம்.