நெஞ்சு வலிக்கு ஒரே ஒரு இ.சி.ஜி. போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "நேற்று ராத்திரிதான் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம், நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள், விடிவதற்குள் போய்விட்டார்" என்ற பேச்சைத் துக்க வீடுகளில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிலர் மருத்துவரைப் பழிக்கிறார்கள், சிலர் விதி என்று ஆறுதல் தேடிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக, அதிலும் பெரும்பாலான ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில், பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்த இரண்டிலும் சேராத ஒரு காரணத்தைத் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். அந்த இ.சி.ஜி. உண்மையிலேயே நார்மலாக இருந்திருக்கலாம். அதை ஒருமுறை மட்டும் எடுத்து, அதையே முடிவான தீர்ப்பாக நம்பி வீட்டுக்குப் போனதில்தான் ஆபத்து இருக்கிறது.

வழக்கமான பன்னிரண்டு லீடு இ.சி.ஜி. (உடலில் ஒட்டும் மின்முனைகள் வழியே இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் பதிவு) தாளில் பதிவாவது ஏறத்தாழ 10 நொடி நேரத்து இதயத்தின் மின்னோட்டம் மட்டுமே. மாரடைப்போ பத்து நொடியில் தொடங்கி முடிந்துவிடுவது அன்று. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோனரி குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அதன் மேல் ரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டி சிறிது நேரம் குழாயை முழுவதும் அடைப்பதும், கொஞ்சம் கரைந்து வழிவிடுவதும், மறுபடி அடைப்பதுமாக மணிக்கணக்கில் நீளக்கூடும். வழிவிட்டிருக்கும் வேளையில் எடுத்த பதிவில் குறை எதுவும் தெரியாமல் போகலாம். அரை மணி கழித்து அதே நோயாளிக்கு எடுத்த பதிவில் எஸ்.டி. பகுதி (ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் கோட்டுத் துண்டு) மாரடைப்பின் அடையாளமாகக் குன்றுபோல் மேலெழும்பி நிற்பதைப் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். இதயத்தின் பின்புறத்துக்குச் செல்லும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் குழாய் அடைபட்டால், முதுகுப் பக்கம் கூடுதல் மின்முனைகள் வைத்துப் பார்த்தாலொழிய, வழக்கமான பதிவில் ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு.

இதனால்தான், நெஞ்சு வலியோடு வருபவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் முதல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றும், அதில் தெளிவு கிடைக்காமல் வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும் என்றும் இதய மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இருக்கிற கருவியும், சிறிது ஜெல்லும், ஒரு முழம் தாளும், நோயாளியை உட்கார வைக்க ஒரு பெஞ்சும் போதும்.

ரத்தத்தில் பார்க்கும் டிரோபோனின் பரிசோதனைக்கும் இதே விதி பொருந்தும். இதயத் தசை சேதமடையும்போது வெளிப்படும் இந்தப் புரதம், சாதாரணப் பரிசோதனைகளில் தென்படும் அளவுக்கு உயர, வலி தொடங்கியதிலிருந்து சில மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு வலி வந்து எட்டரைக்கு ரத்தம் கொடுத்தவருக்கு "நெகட்டிவ்" என்று வந்தால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நுண்ணளவையும் கண்டறியும் புதிய வகைப் பரிசோதனையில் ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியிலும், பழைய வகையில் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தும் இரண்டாம் முறை பார்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டிரோபோனின் எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருப்பது உண்டு என்பதால், முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையில் ஏற்றமோ இறக்கமோ இருக்கிறதா என்பதே மருத்துவருக்கு வேண்டிய செய்தி.

நம் ஊரில் நெஞ்சு வலி என்றதும் முதலில் வருவது "கேஸ் டிரபிளாக இருக்கும்" என்ற வார்த்தை. கோலி சோடா, ஓமத்தண்ணீர், மருந்துக் கடையில் ஒரு ஜெலுசில் என்று முதல் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. ஜெலுசில் குடித்ததும் வலி குறைந்தது என்பதால் அது வாயுத் தொல்லைதான் என்று ஆகிவிடாது; மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும். அதேபோல, ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததும் வலி போனது என்பதால் அது இதய வலிதான் என்று உறுதியாகிவிடவும் செய்யாது. இவற்றைவிட வலியின் தன்மையைக் கேட்பது எவ்வளவோ மேல். நடந்தால் கூடி நின்றால் குறைகிறதா, வலது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ பரவுகிறதா, தாடையை இழுக்கிறதா, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்ததா, வாந்தி வந்ததா என்ற கேள்விகளுக்கு நோயாளி சொல்லும் பதில், அந்தப் பத்து நொடிப் பதிவுக்குச் சமமான எடை உடையது. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு முதுகுக்குப் போவதுபோல் திடீரென்று வந்த வலி என்றால், இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பெருந்தமனியின் சுவர் கிழிந்திருந்தால் இரு கை அளவுகளும் வேறுபடக்கூடும். அந்த நிலையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளே கேடாக முடியும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல தாய்மார்களுக்கு நெஞ்சில் பெரிய வலியே இருக்காது. மூச்சு வாங்குகிறது, காலையிலிருந்து அசதியாக இருக்கிறது, மேல்வயிற்றைப் பிசைகிறது என்றுதான் சொல்வார்கள். நீண்டகாலம் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இப்படித்தான். இதோடு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஜாக்கெட்டைக் கழற்றக் கூசும் பெண்ணுக்கு, மறைப்புத் திரையும் இல்லாத அறையில், ஊழியர் மின்முனைகளைத் துணி விட்ட இடமாகப் பார்த்து, வைக்க வேண்டிய விலா இடைவெளிக்கு மேலே ஒட்டிவிடுகிறார். நான்காம் மார்பு மின்முனை ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். அது இரண்டு விரல் தள்ளிப் போனாலும் பதிவின் வடிவம் மாறிவிடும். இல்லாத பழைய மாரடைப்பைக் காட்டவும் செய்யும், இருக்கிற புதியதை மறைக்கவும் செய்யும். இ.சி.ஜி. அறைக்கு ஒரு திரைச்சீலையும் போர்த்த ஒரு துணியும் இருப்பது வசதிக்காக மட்டும் அன்று, சரியான நோய் கணிப்புக்காகவும்தான்.

"போன மாதம் மாஸ்டர் செக்கப்பில் டிரெட்மில் நார்மல்" என்று இன்றைய வலியைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடும் பட்டையில் நடக்க வைத்து இ.சி.ஜி. எடுக்கும் டிரெட்மில் சோதனை காட்டக்கூடியது, உழைப்பின்போது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குழாய் குறுகியிருக்கிறதா என்பதை. மாரடைப்பை உண்டாக்கும் கொழுப்புத் திட்டுகளில் பல, வெடிப்பதற்கு முன் குழாயைப் பாதிகூட அடைத்திருப்பதில்லை. போன மாதத்து அறிக்கை இன்றைய வலிக்குப் பதில் ஆகாது.

நம் மாநிலத்தில் செய்யப்பட்டிருப்பவை குறைவல்ல. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் சேர்ந்த 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே, சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கும் ஏற்பாடு இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டு, 2,420 நோயாளிகளைக் கொண்ட அதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். ஆனால், இத்தகைய ஏற்பாடுகளின் பயன் இ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று அடையாளம் காணப்பட்டவருக்கே முழுமையாகக் கிடைக்கிறது. முதல் பதிவில் தெரியாமல் போனவர் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார். என் கவலையெல்லாம் அவரைப் பற்றியே.

எனவே சுகாதாரத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகோள் வைக்கிறேன். நெஞ்சு வலியோடு வரும் நோயாளியை, வலி தொடரும்வரை, இரண்டாவது இ.சி.ஜி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எழுத்துப்பூர்வமான விதியாக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் மேலும் எடுத்த நேரத்தையும், அப்போது வலி இருந்ததா என்பதையும் கையால் எழுத வேண்டும். டிரோபோனின் பரிசோதனை இல்லாத இடங்களில், எங்கே போய் எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும்.

பதிவின் நகலை நோயாளியிடம் கொடுப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் இன்று தெரியும் மாற்றம் புதியதா, பல ஆண்டுகளாக இருப்பதா என்று மருத்துவரால் சொல்ல முடியும். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது வெப்பத்தால் எழுத்து பதியும் தாள் என்பதால் நாளாக நாளாக மங்கிவிடும்; பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் முழுவதும் கறுத்துப் போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்தோ கைபேசியில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் நெஞ்சு வலியில் கேட்க வேண்டிய கேள்விகளையும், இரண்டாவது இ.சி.ஜி.யை உரிமையோடு கேட்டுப் பெறலாம் என்ற செய்தியையும், கத்தரித்துச் சுவரில் ஒட்டும்படி பெரிய எழுத்தில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.