கையொப்பம் வைப்பதற்கு முன் வாசிக்க

கிளிநொச்சி.

அன்புள்ள மகனுக்கு,

கார் விபத்துக்குத் தப்பி நீயும் மருமகளும் உயிரோடு வீடு சேர்ந்ததே எனக்குப் போதும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்க வேண்டிய தேங்காயை அப்பா உடைத்துவிட்டார். மருமகளின் தோள்பட்டைக் கட்டை வைத்தியர் சொன்ன நாளுக்கு முன் அவிழ்க்க விடாதே.

நேற்றுத் தொலைபேசியில், "காப்புறுதிக் கம்பனி தருவதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவோம் அம்மா" என்று நீ சொன்னாய். களைத்துப்போய்ச் சொல்கிறாய் என்பது எனக்கு விளங்கியது. ஆனால் கிராமிய வங்கியில் கடன் பகுதியில் இருந்த காலம் முழுவதும், அவசரத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு வந்து நின்ற மனிதர்களைப் பார்த்தவள் நான். கணக்கைத் தொலைபேசியில் சொல்லி விளங்கப்படுத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். காப்புறுதிக் கம்பனி அனுப்பியிருக்கும் இறுதித் தீர்வுப் பத்திரத்தை அப்படியே மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு இதை வாசி.

நானும் அப்பாவும் கராச்சுக்குப் போய்க் காரைப் பார்த்தோம். மதகுக் கட்டில் மோதிய முன்பக்கம் நொறுங்கியதோடு சேதம் நிற்கவில்லை. அடிச்சட்டம் எஞ்சினுக்குப் பின்னால் மடிந்திருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைச் சாத்தினால் மேல் மூலையில் என் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. எயார்பேக் இரண்டும் விரிந்து தொங்குகின்றன, இருக்கை முழுவதும் வெள்ளைத் தூள். இழுத்து நிமிர்த்தினாலும் வீதியில் நேராக ஓடாது என்று மெக்கானிக் சொன்னார். ஆகவே, திருத்த முடியாத முழு இழப்பு என்று கம்பனி எடுத்த முடிவில் எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் போட்ட விலையில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

நீ காரை 65 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தாய், ஆனால் அவர்கள் 52 இலட்சம் தருவதாக எழுதியிருக்கிறார்கள். 65 இலட்சத்துக்குத்தானே கட்டுப்பணம் வாங்கினார்கள் என்று உனக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் காப்புறுதித் தொகை என்பது அவர்கள் தரக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே; விபத்து நடந்த நாளில் அந்தக் கார் சந்தையில் என்ன விலை போயிருக்குமோ, அதையே, அந்த வரம்பைத் தாண்டாமல் தருவார்கள். ஆகையால் நீ பேச வேண்டியது 65ஐப் பற்றி அல்ல, அந்தச் சந்தைப் பெறுமதி 52தானா என்பதைப் பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பது உனக்குத் தெரியும். அந்த ஏற்றத்தைப் பார்த்து நீ காப்புறுதித் தொகையை உயர்த்தியது மிகச் சரியான காரியம். உயர்த்தாமல் 40 இலட்சத்திலேயே விட்டிருந்தால் இன்று அதற்குமேல் ஒரு ரூபாயும் கேட்க வழியில்லை. தொகையைக் குறைத்து வைத்தால் சிறிய விபத்துகளிலும் அது அடிக்கும்: 60 இலட்சம் பெறுமதியான காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு, சராசரி நிபந்தனை (குறைத்துக் காப்புறுதி செய்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பது) உள்ள ஒப்பந்தத்தில், 9 இலட்சம் திருத்தச் செலவுக்கு 6 இலட்சந்தான் கிடைக்கும்.

ஆகவே முதலில், 52 இலட்சம் எப்படி வந்தது, எந்த மதிப்பீட்டாளரின் அறிக்கை, எந்த வாகனங்களின் விலையோடு ஒப்பிட்டார்கள், ஓடிய கிலோமீற்றருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் கேள். தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள். பேசியது எதுவும் பிறகு கோவையில் இருக்காது. அடுத்ததாக, உன் பக்கத்து ஆதாரங்களைச் சேர். அதே ஆண்டு, அதே ரகம், ஏறத்தாழ அதே ஓட்டமுள்ள கார்களுக்கு விபத்து நடந்த வாரத்தில் வந்த விளம்பரங்களை வெட்டி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை 60க்கும் 63க்கும் இடையில். விளம்பர விலை கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் வவுனியாவில் இரண்டு வாகன விற்பனை நிலையங்களில் அப்பா கடிதத் தலைப்பில் விலை எழுதி வாங்கியிருக்கிறார். லீசிங் எடுத்தபோது செய்த மதிப்பீட்டு அறிக்கை உன்னுடைய கோவையில் இருக்க வேண்டும், அதையும் தேடு. கடைசியாகப் புதுப்பித்தபோது கம்பனியின் ஆளே வெள்ளவத்தைக்கு வந்து காரைப் படம் எடுத்து, 65 இலட்சத்தை ஏற்றுக்கொண்டதையும் கடிதத்தில் எழுது. அது அவர்களைச் சட்டப்படி கட்டிப்போடாவிட்டாலும், சில மாதங்களில் 13 இலட்சம் எங்கே போனது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

லீசிங் முடியாதபடியால், வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனி. காசோலை முதலில் அங்கேதான் போகும், மிச்சந்தான் உனக்கு. 24 இலட்சம் நிலுவை என்றால், 52இல் உன் கைக்கு வருவது 28. 60 கிடைத்தால் 36. வித்தியாசம் முழுவதும் உன்னுடையது, லீசிங்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அவர்கள் "சீக்கிரம் முடியுங்கள்" என்று அவசரப்படுத்துவதை ஆலோசனையாக எடுக்காதே. ஆனால் கார் ஓடவில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடவும் வேண்டாம், தாமத வட்டி ஏறிவிடும். இன்றைய திகதிக்கு முழுக் கடனையும் தீர்க்க எவ்வளவு என்று எழுத்தில் ஒரு கூற்று வாங்கு. அதில் முதல், வட்டி, வேறு கட்டணம் என்று பிரித்துக் காட்டச் சொல்.

உடைந்த காரை நாமே வைத்துக்கொண்டால் அதன் பெறுமதியைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். உதிரிப்பாகமாக விற்கலாம் என்று அப்பாவுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை, கம்பனியே எடுத்துக்கொள்ளட்டும். அப்போது உரிமை மாற்றப் படிவத்தில் பெயரும் திகதியும் நிரப்பாமல் வெறுமனே கையொப்பம் மட்டும் கேட்பார்கள்; ஒருபோதும் அப்படிக் கொடுக்காதே. நாளைக்கு யாரோ அதை ஒட்டவைத்து வீதியில் ஓட்டி ஒருவரை இடித்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உன் பெயர்தான் இருக்கும். கராச்சில் நாள் வாடகை ஏறுவதால், வாகனத்தைத் தங்கள் இடத்துக்கு எடுத்துச் செல்லும்படி கம்பனிக்கு உடனே எழுது. மதகுக் கட்டுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமிருந்து பணம் கேட்டுக் கடிதம் வந்தாலும் நீ கட்டாதே, அது மூன்றாம் தரப்புச் சேதம், கம்பனிக்கு அனுப்பு. மாங்குளம் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை அப்பா எடுத்துவிட்டார். வீதியில் படுத்திருந்த மாடுகளில் மோதாமல் காரை வெட்டித் திருப்பியபோது நடந்தது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கம்பனிக்குக் கொடுக்கும் வாக்குமூலமும் அதனோடு ஒத்திருக்கட்டும்.

அவர்கள் விலையை உயர்த்த மறுத்தால், கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுது. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால், கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2005 முதல் இயங்கும் அலுவலகம், முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். ஆனால் "முழுவதுமாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் நீ கையொப்பம் வைத்துவிட்டால், இந்தக் கதவுகளைத் தட்டி ஏறக்குறையப் பயனில்லை. பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒவ்வொரு வரியையும் மருமகளோடு இருந்து வாசி.

2009இல் புதுக்குடியிருப்பில் விட்டுவிட்டு வந்த நம் உழவு இயந்திரத்துக்கு யாரிடமும் கேட்க வழி இருக்கவில்லை. யுத்தச் சேதத்தைக் காப்புறுதி ஒப்பந்தங்கள் விலக்கி வைத்திருக்கும். நம்மிடம் ஒப்பந்தமும் இல்லை, காகிதமும் இல்லை. அப்படி எதையும் கேட்காமல் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம் சனத்துக்கு அந்தக் காலத்தில் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. உன்னிடம் ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு தவணை தவறாமல் கட்டிய பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன. நீ கேட்பது உன்னுடைய பணம்.

விளம்பரங்கள், விற்பனை நிலையக் கடிதங்கள், பொலிஸ் பிரதி மூன்றையும் இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மூலப் பிரதிகளைக் கம்பனிக்குக் கொடுக்காதே, படப்பிரதி போதும். இரண்டாவது சாவி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. தொகை முடிவானதும் கேள், தருகிறேன். லீசிங் கூற்றை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கதை, கம்பனிக்கு எழுதும் கடிதத்தை இருவரும் சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
அம்மா