அரை நிமிடம் மிதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைச்சாலையில் பிரேக் பிடிக்காமல் போன வண்டியைப் பற்றித் தங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கார்தான் நினைவுக்கு வருகிறது. 2004-இல் வாங்கிய மாருதி 800. அம்மா வீடு சிறுமலையில். 18 கொண்டை ஊசி வளைவுகள். மாதம் இருமுறை நான்தான் ஓட்டிப் போவேன்.

சென்ற தை மாதம் இறங்கி வரும்போது, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டுச் சரிவில் நின்றேன். பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. ஆனாலும் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது, கார் நகர ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் கைகொடுத்தது.

ஒர்க் ஷாப்பில் பார்த்தார்கள். பிரேக் ஆயில் குறையவில்லை, எங்கும் கசிவும் இல்லை. "பிரேக் ஆயில் குழாயில் ஏர் புகுந்திருக்கும்" என்று ஏர் எடுத்தார்கள். அடுத்த வாரமும் அதே கதை. லைனர் மாற்றினார்கள். மூன்றாவது தடவை, "நீங்க லேசா மிதிக்கிறீங்க மேடம், அழுத்தி மிதிங்க" என்றார்கள். எனக்கு வந்த கோபம்!

அப்புறம், அம்பாசிடர் காலத்து மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை லேசாக மிதித்தபடி அரை நிமிடம் உட்கார்ந்திருந்தார். பெடல் தரையைத் தொட்டது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டதாம். ஆயில் வெளியே ஒழுகாமல் வாஷரைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்கே போய்விடுவதால் அளவு குறைவதில்லை. ஓங்கி மிதித்தால் வாஷர் விரிந்து அடைத்துக்கொள்ளும், வண்டி நிற்கும். லேசாக மிதித்தால்தான் குட்டு வெளிப்படும். கழற்றிக் காட்டினார், உள்ளே துருப் புள்ளிகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார். நாங்கள் குறைந்தால் ஊற்றியதோடு சரி. சிலிண்டரையே மாற்றிவிட்டோம்.

2024-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது, சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்கள். நின்றது, சரி என்றார்கள். அன்றே இந்தக் கோளாறு இருந்ததா, தெரியாது. இருந்திருந்தாலும் அந்த மிதியில் தெரிந்திருக்காது. 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்காவது, பெடலை லேசாக மிதித்து அரை நிமிடம் பார்ப்பதையும் தகுதிச் சோதனையில் சேர்க்கும்படி போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்